ஆளுக்குப் பழகாத பூனை குட்டி போட்டால்: பால் மறக்கும் வரை தள்ளி நின்று பார்த்துக்கொள்வது எப்படி

மாடிப்படிக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு பூனை நாலு குட்டி போட்டது. கிட்டே போனால் சீறும். எட்டு வாரம் கழித்து நாலும் பிழைத்துக் கிடந்தன. அதில் என் பங்கு பெரும்பாலும் சும்மா இருந்ததுதான். ஆனால் சும்மா இருப்பதற்கும் கொஞ்சம் விவரம் வேண்டும்.

படி 1: குட்டிகளின் வயது

பிறந்த 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது நிமிரும், தள்ளாடி நடக்கத் தொடங்கும். கண் நீலமாக இருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆறேழு வாரம் வரை எல்லாக் குட்டிக்கும் நீலம்தான்.

படி 2: தாய் வந்து போகிறதா?

நான் சறுக்கியது இங்கேதான். பன்னிரண்டாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தால், பெட்டியில் ஒரே ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. மற்றதையெல்லாம் ஏதோ தூக்கிப் போய்விட்டது, தாயும் கைவிட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டி, துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் தாய் வந்து நின்றது. காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தது, வெளியே வந்து அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தது, மறுபடி உள்ளே போனது. குட்டி போட்ட பூனை மாதிரி என்கிறோமே, அது இதுதான்.

குட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலையும் வாலையும் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்கியது. தாய் சுவரோரமாகவே போய் மரக்கட்டைக் குவியலுக்குப் பின்னால் மறைந்தது. மற்ற மூன்றும் அங்கேதான் இருந்தன. இடம் மாற்றும் பூனை ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தூக்கும், நடுவில் ஓய்வும் எடுக்கும். மனித வாடை பட்டால் குட்டியைச் சேர்க்காது என்பார்கள். இது என் கையில் ஒரு மணி நேரம் இருந்த குட்டி.

தாய் இல்லாமல் குட்டிகளைப் பார்த்தாலும் பதற வேண்டாம். அதுவும் இரை தேடப் போக வேண்டுமே. வயிறு நிரம்பிய குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கும். வயிறு ஒட்டி, அழுக்கோடு, ஓயாமல் கத்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டியைச் சுற்றி மாவு தூவிவிட்டுப் போனால் தாய் வந்ததைக் கால்தடம் சொல்லிவிடும். கண் திறக்காத குட்டிக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். அதுவும் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு. மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கிவிடும்.

(பிற்சேர்க்கை: மாவுக்கு எறும்பு வந்து குட்டிகளைக் கடித்தது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயம்தான். இப்போது நான் நுண்மணல்தான் தூவுகிறேன். முகப்பவுடர் வேண்டாம், தாய் பாதத்தை நக்கும்.)

படி 3: தாய்க்குச் சாப்பாடு

பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், வாசனைக்குக் கடுவன்கள் வரும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். பால் கொடுக்கும் பூனைக்குக் குட்டிகளுக்கான தீனியே நல்லது, சத்து அதிகம். தண்ணீரும் வேண்டும். இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். நான் டார்ச் அடித்த மறுநாள்தான் அது இடம் மாற்றியது.

படி 4: பால் மறக்கடிப்பது

இது தாயின் வேலை. நாலாவது வாரத்தில் குட்டிகளின் பால்பற்கள் உறுத்த ஆரம்பித்ததும் அது குப்புறப் படுத்துக்கொள்ளும், பாதியில் எழுந்து போகும், குட்டி ஏற முடியாத உயரத்தில் போய் உட்காரும். கொடுமை என்று நினைத்துக் குட்டியைத் தூக்கி மேலே விடாதீர்கள் (விட்டேன், அறை வாங்கியது குட்டி). அதே சமயம் இரையும் வரத் தொடங்கும். முதலில் செத்த எலி, அப்புறம் அரை உயிரோடு. இருந்ததிலேயே சின்னக் குட்டி, தன் தலையளவு எலியின் மேல் காலை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பார்த்து உறுமியது. நீங்கள் செய்யக்கூடியது, விளிம்பில்லாத தட்டில் ஈரத்தீனி வைப்பது. முதல் நாள் அதற்குள் நடப்பார்கள், பாதத்தை நக்கித்தான் ருசி பிடிபடும். எட்டு வாரம் வாக்கில் பால் நின்றுவிடும்.

குட்டிகளை வீட்டில் வளர்க்கும் எண்ணமிருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். மனிதரோடு பழகும் பருவம் ஏழு வாரத்தோடு மெல்ல மூடிக்கொள்ளும். ஐந்தாவது வாரத்திலிருந்து தட்டுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள்.

படி 5: தாய்க்குக் கருத்தடை

பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும், அடுத்த ஈற்றுக்கு 65 நாள் போதும். குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கியதும் பிடித்துவிடுங்கள். மிதித்தால் மூடும் கூண்டைவிடக் கயிறு இழுத்து மூடும் கூண்டே என் கட்சி. முன்னதில் முதலில் குட்டிதான் மாட்டும்.

(இன்னொரு பிற்சேர்க்கை: அறுவை முடிந்து வந்த தாயைக் குட்டிகளே பார்த்துச் சீறுகின்றனவே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மருந்து வாடைதான். இங்கேயும் நடந்தது. மறுநாள் மதியம் பார்த்தபோது நாலும் அதன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தன.)