தேடத் தெரிகிறது, தோண்டத் தெரியவில்லை

போன மாதம் சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் பக்கம், பனிக்காலணி மாட்டி நடக்கும் எங்கள் குழுவில் புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். பனிச்சரிவு மீட்புப் பயிற்சி நாளில் அவர்களைப் பார்க்கப் பார்க்க, ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த கோளாறுகள் ஒன்றுவிடாமல் கண்முன் வந்தன. கையுறை மறப்பது, பாட்டில் தண்ணீர் உறைவது எல்லாம் ஒரே நடையில் புரிந்துவிடும், விடுங்கள்.

தோண்டிப் பழகாதது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொள்ளும் சிக்னல் கருவிதான் டிரான்ஸீவர். அதை வாங்கியவுடன் எல்லோரும் அதை வைத்துத் தேடிப் பழகுகிறார்கள். பனிக்குள் ஒளித்த இன்னொரு டிரான்ஸீவரின் சிக்னல் கிடைக்கிறது, திரையில் எண் குறைகிறது, புரோப் கம்பியைக் குத்தினால் தட்டுப்படுகிறது, கைதட்டல், சாப்பாடு. பனி அள்ளும் ஷவல் பையைவிட்டு வெளியே வருவதே இல்லை.

நானும் இரண்டு சீசன் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் பயிற்சியாளர், துணி திணித்த பழைய பையை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே நன்றாக மிதித்து இறுக்கிவிட்டு, எடுங்கள் என்றார். நாலு நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்தோம். வெளியே எடுக்க இன்னும் 22 நிமிடம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கியிருந்த பிளாஸ்டிக் ஷவல் மூன்றாவது குத்திலேயே விரிசல்விட்டது. பனிச்சரிவில் புதைந்தவர்களைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அதன்பின் மூச்சுமுட்டி வாய்ப்பு மளமளவென்று இறங்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன் பனியாவது அள்ள வேண்டிவரும், அதுவும் சரிந்து இறுகிய பனி.

அன்று நாங்கள் செய்தது, புரோப் நின்ற இடத்திலேயே கிணறு வெட்டியது. உள்ளே ஒரு ஆள்தான் நிற்க முடியும், அள்ளியது திரும்ப உள்ளேயே விழும், நிற்கிற ஆள் கீழே கிடப்பவரின் மூச்சுக்கு மிஞ்சிய கொஞ்ச இடத்தையும் மிதித்து நசுக்குவார். புரோப்பைப் பிடுங்கக் கூடாது. அதில் ஆழத்தைப் பார்த்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒருவர் முன்னால் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் துடுப்பு வலிப்பதுபோல் பனியைக் கீழே தள்ளவேண்டும், தூக்கி எறிந்தால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். முன்னால் இருப்பவர் களைக்கும் முன்பே மாறிக்கொள்ள வேண்டும். அதே பையை அன்றே இப்படி எடுத்தோம், 9 நிமிடம்.

"அண்ணா, வெறும் மண்வெட்டி வேலைதானே, இதுக்கு என்ன பயிற்சி?" என்று புதியவர்களில் ஒருவர் கேட்டார். ஷவலைக் கையில் கொடுத்தேன். ரெண்டு நிமிடத்தில் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

போனை டிரான்ஸீவர் பக்கத்தில் வைப்பது

போன் சிக்னலைக் குழப்பும். எப்போதும் 20 செ.மீ. தள்ளி. தேடும்போது 50.

மூன்று என்றால் நடுத்தரம் என்று நினைப்பது

டாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப், குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை விடுகிறது. அபாயத்துக்கு 1 முதல் 5 வரை அளவு. ஐந்துக்கு மூன்று என்றால் பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி தோன்றும். ஆனால் அதிகம் பேர் சாவது 3 போட்ட நாட்களில்தான், 5 போட்டால் யார் கிளம்பப் போகிறார்கள்? 3 போட்ட அன்றைக்கு நான் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஏறமாட்டேன், அதன் அடியிலும் நடக்கமாட்டேன்.

முன்னால் போனவர் தடத்தை நம்புவது

அவர் போனார். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ரெண்டு பேருக்கு ஒரு ஷவல்

டிரான்ஸீவர், புரோப், ஷவல் மூன்றும் ஆளுக்கு ஒரு செட். வந்த நாலு பேரில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஷவலோடு வந்திருந்தார்கள், அது கணவர் பையில். "யார் புதைவது என்று வீட்டிலேயே பேசி முடிவு பண்ணிவிட்டீர்களா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது ஷவல் வந்தது. பிளாஸ்டிக்.