பாறையும் பள்ளமுமான இடத்தில் பட்டறைக்குத் தரை எடுப்பது

வீட்டுக்குப் பின்னால் பாறையும் பள்ளமுமாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது இதுதான்: மேட்டை உடை, பள்ளத்தில் கொட்டு, மட்டமாகிவிடும். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். ஆனால் பாறை ஒரு நூல்கூட இறங்காது, கொட்டிய மண் இறங்காமல் இருக்காது. பாறை முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் கான்கிரீட் கோடு போட்டதுபோல வெடிக்கும். கடைசல் மிஷினை அந்தக் கோட்டின்மேல் நிறுத்தியவனுக்கு ரசமட்டம் வைத்து வைத்தே ஆயுசு போய்விடும். மேலே மட்டம் கொண்டுவருவது எளிது. அடியில் எல்லா இடமும் ஒரே மாதிரி தாங்க வேண்டும், அங்கேதான் வேலை இருக்கிறது.

என் இடம் 20 அடிக்கு 14 அடி. மேல்மூலைக்கும் கீழ்மூலைக்கும் இரண்டேகால் அடி வித்தியாசம். புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் வழித்துவிட்டு நான்கு மூலையிலும் முளை அடித்தேன். அடியில் தண்ணீர்க் குழாயோ, கழிவுக் குழாயோ, கரண்ட் கேபிளோ போகிறதா என்று பார்க்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். அதைவிட நம்பகமானது மூலைக்கு மூலை குறுக்களவு. இந்த அளவுக்கு இரண்டு பக்கமும் 24 அடி 5 அங்குலம் வந்தால் இடம் சதுரித்துவிட்டது.

மட்டத்துக்கு டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய், போதும். குழாயில் காற்றுக்குமிழ் ஒன்று நின்றாலும் பொய் சொல்லும், அதனால் தண்ணீரை மெதுவாக நிரப்பி முழு நீளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு முளையிலும் ஒரே மட்டத்தில் நூல் கட்டி, குறுக்கும் நெடுக்கும் 4 அடிக்கு ஓரிடத்தில் நூலிலிருந்து தரைவரை அளந்து தாளில் கட்டம் போட்டு எழுதினேன். அதே புள்ளிகளில் முனை கூரான கம்பியை அடித்து இறக்கி, எத்தனை ஆழத்தில் பாறை தட்டுகிறது என்பதையும் பக்கத்தில் குறித்தேன். இந்தத் தாள் இல்லாமல் ஆளும் மிஷினும் வரவழைப்பது வீண் செலவு.

தட்டுவதெல்லாம் பாறையும் அல்ல. சம்மட்டியால் அடித்தால் தாய்ப்பாறை கணீரென்று கேட்கும், அடி கையில் திரும்பி அடிக்கும். மண்ணில் புதைந்த உருண்டைக்கல் மந்தமாகக் கேட்கும். சுற்றி மண்ணைப் பறித்து ஓரத்தில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் லேசாக அசையும். அசைகிற கல்லை விட்டுவைக்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். அது கிடந்த குழியை மண்ணால் மூடாமல் சிமெண்ட் குறைந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள்.

அடுத்தது தரை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற முடிவு. எல்லாப் பாறையையும் உடைத்துக் கீழ்மூலை மட்டத்துக்கு இறக்க நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வீம்பாகத்தான் தெரிகிறது. உடைத்த பாறை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும், குவிக்கவே இடம் போதாது. மேல்பக்கம் கொஞ்சம் உடைத்து, கீழ்பக்கம் கொஞ்சம் உயர்த்துவதுதான் வழி. ஆனால் ஒரு கண்டிப்பு: பாறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கான்கிரீட்டின் அடிமட்டத்துக்கு இன்னும் 6 அங்குலம் கீழேவரை உடைக்க வேண்டும். அந்த 6 அங்குலத்தில் தரை முழுக்க ஒரே ஜல்லிப் படுகை வரும். பாறையின்மேல் நேராகக் கான்கிரீட் கொட்டுகிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன வெடிப்பு.

உடைப்பதில் எனக்குப் பிடித்தது ஆப்பு முறை. ரோட்டரி ஹேமரால் ஒரே கோட்டில் அரையடிக்கு ஒரு துளை. ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு. ஒன்றை மட்டும் ஓங்கி அடிக்கக் கூடாது. வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி, மறுபடி முதலிலிருந்து. சுற்றுக்குச் சுற்று ஆப்பின் ஓசை மேலே ஏறிக்கொண்டே போகும். ஏறி நின்றதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று பொறுங்கள். துளைக்குத் துளை மயிரிழை போல ஒரு கோடு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு அடிக்கிறவனுக்குக் கல் கோட்டை விட்டு விலகிப் பிளக்கும்.

பெரிய பாறைக்குத் துளையில் ஊற்றுகிற விரிவுக் கலவை கிடைக்கிறது. ஊறி விரிந்து சத்தமில்லாமல் பிளக்கும். வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று எனத் தனித்தனி ரகம். மாற்றி ஊற்றினால் துளையிலிருந்து பீறிட்டு அடிக்கும். ஊற்றிய துளையை எட்டிப் பார்க்கவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தீமூட்டிப் பாறையைச் சூடாக்குவது வீட்டுப் பக்கத்தில் வேண்டாம், சில்லு தெறிக்கும். வெடிமருந்து நம் வேலையே அல்ல. எந்த முறையானாலும் துளையிடும்போது தண்ணீர் தெளித்தபடி இருங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்தால் இறங்காது.

உடைத்த கல்லில் பெரியதைக் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவருக்கு ஒதுக்கினேன். சாந்தில்லாமல் அடுக்குகிற சுவர் என்றால் பெரிய கல் அடியில், அடிக்கு 2 அங்குலம் உள்சாய்வு. உயரம் 3 அடியைத் தாண்டினால் பொறியாளரைக் கேட்காமல் கட்டாதீர்கள். பட்டறைச் சுவரின் கடைக்காலை நிரப்பிய மண்ணில் நிறுத்தவே கூடாது, பாறைவரையோ கெட்டித் தரைவரையோ இறக்க வேண்டும். நிரப்பிய மண் தாங்க வேண்டியது தரையை மட்டும்தான்.

தண்ணீரை மறந்தால் இத்தனையும் பாழ். மழைத்தண்ணீர் பாறைக்குள் இறங்காது, பாறையின் மேல்முகத்தோடு நழுவி வந்து நிரப்பிய மண்ணுக்கு அடியில் புகுந்து அரிக்கும். மேட்டுப் பக்கம் முழுக்கப் பாறைவரை வாய்க்கால் வெட்டி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற வடிகட்டித் துணி விரித்து, துளைக்குழாய் போட்டு, மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடுங்கள். குழாய்க்கு 100 அடிக்கு 1 அடி வாட்டம் போதும். வெளித்தரை சுவரிலிருந்து 10 அடிக்கு அரையடி இறங்கிப் போக வேண்டும்.

நிரப்புகிற இடத்தில் சாய்ந்த பாறை இருந்தால் முதலில் படி வெட்டுங்கள், இல்லையென்றால் மண் மொத்தமாக வழுக்கும். மண்ணைப் பரப்புவது 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; திம்சு போட்டுக் கையால் இடிப்பதானால் 4 அங்குலம். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. அடுக்கின் பாதிக் கனத்துக்கு மேல் பெரிய கல் கூடாது. கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் கிராவல் இறங்கி அடைய வேண்டும், சந்து காலியாக நின்றால் மேல்மண் ஒருநாள் அதற்குள் இறங்கும். ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதாது, விரலில் ஒட்டினால் அதிகம். கனமான மிஷின்களுக்கு நான் பாறைப் பக்கத்தைக் கொடுத்தேன், மேசையும் மர அடுக்கும் நிரப்பிய பக்கம். பாறை முடிகிற கோட்டைச் சுவரில் குறித்து வையுங்கள். கான்கிரீட்டில் இணைப்பு வெட்டு, அதாவது வெடிப்பு தாறுமாறாக ஓடாமலிருக்க விடுகிற நேர்க்கோடு, அந்தக் கோட்டின் மேலேயே வர வேண்டும்.

ஜல்லிப் படுகைக்கு முன்பே ஒயர்க் குழாய்களைப் பதித்துவிடுங்கள். பாறையில் எர்த் கம்பி இறங்காது. அதனால் எலக்ட்ரீஷியனை இப்போதே கூப்பிட்டு, எர்த் பட்டையைக் கிடையாகப் புதைக்க வழியுண்டா, எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஜல்லிப் படுகையை இடித்து முடித்ததும், அதே புள்ளிகளில் மறுபடி நூல் கட்டி அளக்க வேண்டும். மேடாக இருந்தால் சுரண்டி எடுங்கள். பள்ளமென்றால் மேலே தூவி மட்டம் காட்டாமல், அந்த இடத்தைக் கொத்திக் கிளறி, ஜல்லி சேர்த்து மறுபடி இடியுங்கள். எல்லாப் புள்ளியும் அரை அங்குலத்துக்குள் வந்துவிட்டால் கான்கிரீட் ஆட்களுக்குத் தேதி சொல்லலாம்.