பழைய கணினியை மாற்றும் முன் செய்யக் கூடாத தவறுகள்

களியக்காவிளையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம், பெண் வீடு நெய்யாற்றின்கரை என்றால் பத்திரிகையின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் அச்சாக வேண்டும். இரண்டு மொழி வேலையும் பத்து வருடத்துக்கு மேலாக ஒரே கணினியில்தான் நடக்கிறது. சென்ற மாதம் கடைக்கார அண்ணன் என்னை அழைத்தார். "தம்பி, காலையில் போட்டால் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் திறக்கிறது. ராம் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டவா, இல்லை புதிதாக அசெம்பிள் செய்துவிடவா?" என்று கேட்டார்.

கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்று பார்க்காமலே பணத்தை எடுப்பதுதான் நான் மிக அதிகமாகக் காணும் தவறு. பார்ப்பதற்கு ஒரு காசு செலவில்லை. வழக்கமான வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அண்ணனின் கணினியில் பிராசசர் 15 சதவீதத்தில் சும்மா கிடந்தது. ராமில், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தில், பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே தட்டைச் சுழற்றி, முனையை நகர்த்தித் தேடி எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும்போதே நொடிக்கு 100 முதல் 150 எம்பிதான் தரும், சிறுசிறு கோப்புகள் என்றால் அதுவும் வராது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா இணைப்பிலேயே 500 எம்பிக்கு மேல் தரும். அவர் ராம் வாங்கியிருந்தால் மறுநாளும் அதே டீயைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார்.

எஸ்எஸ்டி மட்டும் போடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று வாங்கும் பாகம் நாளை வாங்கப்போகும் கணினிக்கும் கூட வருமா என்பதை நான் எப்போதும் பார்ப்பேன். எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கேபினெட், மானிட்டர் எல்லாம் கூட வரும். அண்ணனுடையது இன்டெல் நான்காம் தலைமுறை, டிடிஆர்3 ராம். ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒவ்வொன்றிலும் செருகும் விளிம்பில் உள்ள வெட்டுக்குழி வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3 ராமுக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பழைய மதர்போர்டோடு (எல்லாப் பாகங்களும் செருகும் பலகை) போய்விடும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறியது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதை ஏற்கும் பலகையையே தேடுவது இப்போது நல்ல யோசனை.

பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இளைஞர்களுக்கு அடிக்கடி வரும் ஆசை. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு ஒரு வகைப் பலகையும், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு வேறு வகைப் பலகையும் வந்தன. பிராசசர் அழகாக உட்காரும், திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பல தலைமுறைகள் பொருந்தும். ஆனால் பெரும்பாலும் பலகையின் தொடக்க மென்பொருளான பயாஸை முதலில் புதுப்பிக்க வேண்டும். வாங்கும் முன் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பலகை ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பிராசசருக்காகப் பலகை, பலகைக்காக ராம் என்று மூன்றும் மாறினால் நீங்கள் புதுக் கணினியே வாங்குகிறீர்கள். அதற்குரிய கணக்கைப் போடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன் முப்பரிமாண வேலைக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான். ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) தொடங்கினால் கணினி பொட்டென்று அணைந்துவிடும். கார்டு பழுது என்று இரண்டு முறை கடைக்கு அலைந்தான். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தேன், காலி டப்பாவைப் போல இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன அட்டவணையில், கார்டும் பிராசசரும் மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட்தான். கார்டு செருகும் இடம் வழியாக 75 வாட் வரை, எட்டுப் பின் இணைப்பு வழியாக இன்னும் 150 வாட் வரை அவன் கார்டு இழுக்கலாம். பிராசசருக்கு வேறு வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிக் கார்டு வாங்காதீர்கள். பிராண்டு கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் இணைப்பும் தனி வகை, கடையில் கிடைப்பது பொருந்தாது.

நம் மலையடிவாரத்தில் இதைவிடப் பெரிய எதிரி இடி. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் வெட்டும் மின்னலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேபினெட்டின் பின்பக்க உலோகத்தைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தைத்தால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை என்று பொருள். புதுக் கணினிக்கு ஐம்பதாயிரம் ஒதுக்குகிறவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சில நூறு ரூபாய் ஒதுக்குவதில்லை. மழை இருட்டும்போது பவர் பிளக்கோடு நெட் வரும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பவரை மட்டும் எடுத்துவிட்டு நெட் கேபிள் வழியாக மதர்போர்டை இழந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

திருவனந்தபுரத்தில் வரி குறைவு என்று அங்கே போகிறவர்களும் உண்டு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் ஒன்றே. கணினிக்கு 18 சதவீதம். விலை மாறினால் அது கடைக்காரர் குறைப்பது, அல்லது பில் இல்லாமல் விற்பது. பில்லும் சீரியல் எண்ணும் இல்லாத பாகத்துக்கு உத்தரவாதம் கேட்டுப் போய் நிற்க முடியாது. நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

அண்ணனிடம் திரும்புகிறேன். எஸ்எஸ்டி போட்டாயிற்று, வேகம் வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். "அப்படியானால் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். நான் கணினியைத் திருப்பினேன். பின்னால், பழைய பிரிண்டர்கள் செருகும் பாரலல் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு சாவி செருகியிருந்தது. அவருடைய பழைய மலையாள எழுத்துரு மென்பொருள் அந்தச் சாவி இல்லாமல் திறக்காது. புது மதர்போர்டுகளில் அந்தப் போர்ட்டைக் காண்பதே அரிது. போர்ட் கிடைத்தாலும், விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்பதால் சாவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் பழைய 32 பிட் டிரைவர் அதில் ஓடாது. பத்து வருடத்துப் பத்திரிகைக் கோப்புகள் அத்தனையும் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. பழையதைக் கழற்றி விற்ற பிறகு இது தெரிய வந்திருந்தால் மலையாளப் பக்கம் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது பழைய கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டோம். அது பத்திரிகை வேலைக்கு மட்டும். மெயிலுக்கும் வங்கிக்கும் விண்டோஸ் 11 ஏற்கும் சாதாரணக் கணினி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கோப்புகளின் நகல் இரண்டு வெளி டிஸ்கில் இருக்கிறது, அதில் ஒன்று அவர் வீட்டில்.