குட்டிய எப்போ தாய்கிட்ட இருந்து பிரிக்கலாம்? முதல் தடவை நாய்க்குட்டி குடுக்கப் போறவங்களுக்கு

பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்டு லேப்ரடார் நாய் முதல் தடவை ஏழு குட்டி போட்டப்போ, ஒரு குடும்பம் ஆடி பொறக்கறதுக்குள்ள குட்டி வீட்டுக்கு வந்துடணும்னு அவசரப்பட்டாங்க, நானும் தட்டுல வெச்சா சாப்பிடுதே அப்புறம் என்னன்னு 35வது நாளே தூக்கிக் குடுத்துட்டேன். ரெண்டே மாசத்துல அவங்க பையன் கையெல்லாம் பல் தடம், திருப்பிக் கொண்டு வந்து விட்டுட்டாங்க. தப்பு குட்டியோடது இல்ல, என்னோடது. எந்த நாள் குட்டி வெளிய போகும்னு முடிவு பண்றது நம்ம வேலை, வாங்க வர்றவங்களோடது இல்ல.

முதல்ல, குட்டி பொறந்த அன்னிக்கே காலண்டர எடுத்து 56 நாள் எண்ணி வட்டம் போட்டுடுங்க. 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017ல வந்த மத்திய அரசு விதியே இருக்கு, குட்டி போட வெச்சு விக்கற பிரீடர்னா மாநில விலங்கு நல வாரியத்துல பதிவும் பண்ணணும். பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதின்னா இன்னும் ரெண்டு மூணு வாரம் சேத்தே வெச்சுக்கோங்க, அதுங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு தள்ளிப் போனாலே சுகர் இறங்கிடும்.

அடுத்தது தான் முக்கியம். ரெண்டு வாரத்துல கண்ணு தொறக்கும், மூணு வாரத்துல பால்பல்லு முளைக்கும், அதுக்கப்புறம் ஒண்ண ஒண்ணு கடிச்சு உருளும். பலமா கடிச்சா கடி வாங்கினது வீல்னு கத்திட்டு விளையாட்ட நிறுத்திடும், கடிச்சது முழிச்சுக்கிட்டு நிக்கும், இவ்ளோ அழுத்தக் கூடாதுன்னு அது கத்துக்கறது இப்படித்தான். பல்லு படுதுன்னு தாயும் உறுமித் தள்ளிவிடும், பயந்து போய் பிரிச்சிடாதீங்க, அது பாடம் நடத்துது. தாய் ஏறி ஒதுங்கிக்க ஒரு பெஞ்ச் மட்டும் போட்டு வைங்க.

இதே நாட்கள்ல குக்கர் விசில், மிக்சி சத்தம், வேற வேற ஆளுங்க கை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. தினம் அஞ்சு நிமிஷம் ஒவ்வொண்ணா தனியா கொஞ்சுங்க, அப்போதான் புது வீட்டுல முதல் ராத்திரி ரொம்ப கதறாது.

குடல்புழு மருந்து ரெண்டாவது வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, முதல் தடுப்பூசி 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள, எவ்ளோ எப்போன்னு நாய் டாக்டர் சொல்றபடி. பாக்க வர்றவங்க செருப்ப வாசல்லயே விடட்டும், கை கழுவிட்டுத் தொடட்டும், குட்டிங்கள கொல்ற பார்வோ வைரஸ் செருப்புலயே வந்துடும்.

குடுக்கற அன்னிக்கு காலைல குடுங்க, பகல் முழுக்க புது இடத்த பாத்துப் பழகிக்கும். தாய் படுத்த துணில ஒரு துண்டு, ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு, ஊசி கார்டு எல்லாம் கூட அனுப்புங்க. எல்லா குட்டியையும் ஒரே நாள்ல அனுப்பிடாதீங்க, தாய் வீடு முழுக்க தேடும். வளக்க முடியலன்னா தெருவுல விடாம எங்ககிட்டயே குடுத்துடுங்கன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க.

அப்பவும் யாராவது 40 நாள்லயே வேணும்னு நின்னா, ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சிட்டு போங்க, ஆவணில எடுத்துக்கோங்கன்னு சொல்லுங்க, கேக்கலன்னா அட்வான்ஸ கையில குடுத்து அனுப்பிடுங்க.