மலையில் கொழுந்து எடுப்பவருக்கு மாதப்போக்கு கூடினால்: கணக்கு, மாத்திரை, கிளினிக்

"எத்தனை பேட் மாத்துறீங்க?" கிளினிக்கில் முதலில் வரும் கேள்வி இதுதான். கொழுந்து எடுக்கும் பெண் "மூணு" என்பார். சாதாரணப் போக்கு என்று எழுதப்பட்டுவிடும். உண்மையில், காலையில் வைத்த பேட்டை பகலுக்கு லயத்து வீட்டுக்கு இறங்கும்வரை மாற்ற மலையில் மறைவே இல்லை, அதனால்தான் மூன்று.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் சொல்லாதீர்கள். சுவரில் தொங்கும் கலண்டரிலேயே கணக்கு வைக்கலாம். போக்கு வரும் ஒவ்வொரு நாளிலும், மாற்றிய பேட் அல்லது துணி ஒன்றுக்கு ஒரு கோடு. முழுதாக நனைந்திருந்தால் கோட்டின் மேல் ஒரு வெட்டு. பாவாடையோ இடுப்பில் கட்டிய படங்கோ நனைந்தால் ஒரு வட்டம். ஓர் அங்குலத்துக்கு மேல் இரத்தக் கட்டி விழுந்தால் ஒரு புள்ளி. மூன்று மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கும் கோடும் வட்டமும் விளங்கும்.

போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, 2 மணித்தியாலத்துக்குள் பேட் நனைந்தாலோ, இரவில் மாற்றுவதற்கென்றே எழும்ப வேண்டியிருந்தாலோ, பேட்டும் துணியும் சேர்த்து வைக்க வேண்டியிருந்தாலோ அது அதிகப் போக்கு. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று விடுவது வழக்கம். அம்மாவுக்கும் அது நோயாகவே இருந்திருக்கலாம்.

பெரியபிள்ளை ஆகி முதல் இரண்டு மூன்று வருடம் கரு முட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. அதனால் 21 நாள் முதல் 45 நாள் வரை முன்பின்னாக வருவது இயல்பு. ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே பேட் பேட்டாக நனைந்து, மூக்கிலும் பல் முரசிலும் இரத்தம் வரும் பிள்ளைக்கு இரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 15 வயதாகியும் பெரியபிள்ளை ஆகாவிட்டாலும் காட்டுங்கள். கலியாணம் ஆகாத பிள்ளையை உள்ளே பரிசோதிப்பார்கள் என்று பல தாய்மார் கிளினிக்குக்கே கூட்டிப்போவதில்லை. அது தேவையில்லை. இரத்தப் பரிசோதனையும், சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றுக்கு மேலால் எடுக்கும் ஸ்கேனும் போதும். தாய் பக்கத்திலேயே நிற்கலாம்.

வளர்ந்த பெண்களில் கர்ப்பப்பைக் கட்டி, தைரொய்ட் குறைபாடு, கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புச் சுருள் லூப் ஆகியவை போக்கைக் கூட்டும். கருத்தடை ஊசி போட்டவருக்கு நாள் தவறித் தவறி வரும். எது போட்டிருக்கிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். திருவிழாவுக்காக நாள் தள்ளிப்போட பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் போக்கு சில நேரம் பெருக்காக வரும்.

இனி மாத்திரை. போக்கு கூடினால் உடலில் இரத்தம் குறையும். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே (கர்ப்பிணிக்கு 11) இருந்தால் இரத்தச் சோகை. மலை ஏறும்போது மூச்சு வாங்குவதும், கூடையைத் தூக்கத் தலை சுற்றுவதும் வயதானதால் என்று நினைத்துக்கொள்வார்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு ஒரு முக்கிய காரணம், அதைத் தேத்தண்ணியோடு விழுங்குவது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, குடல் அதை உறிஞ்சாது. பால் தேத்தண்ணியும் அப்படித்தான். மாத்திரைக்கு முன் 1 மணித்தியாலமும் பின் 2 மணித்தியாலமும் தேத்தண்ணி வேண்டாம். விடியலிலும் பத்து மணிக்கும் பின்னேரமும் தேத்தண்ணி குடிக்கும் வீட்டில் அதற்குத் தோதான நேரம் ஒன்றுதான்: இரவு, படுக்கப் போகும்போது. ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து அதோடு விழுங்கினால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகளுக்குத் தரும் கல்சியம் மாத்திரையைப் பகலில் போடுங்கள், இரண்டையும் சேர்க்கக் கூடாது.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் நிறுத்தாமல் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கூட ஏறவில்லையென்றால் தேத்தண்ணியோ, விட்டுப்போன மாத்திரையோ, நிற்காத போக்கோ காரணமாக இருக்கலாம். அளவு சரியான பிறகும் 3 மாதம் தொடர வேண்டும், உடலின் சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். மாத்திரையை லயக் காம்பராவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை பத்து மாத்திரையை இனிப்பென்று தின்றால் உயிருக்கே ஆபத்து.

சம்பலுக்குப் பிழியும் தேசிக்காய், நெத்தலி, எப்போதாவது வாங்கும் ஈரல் எல்லாம் உதவும். ஆனால் இறங்கிய இரத்தத்தைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது.

வலிக்கு மெபனமிக் அசிட் போன்ற மாத்திரையை வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பின் போட வேண்டும். துடித்த பின் போட்டால் பாதிதான் கேட்கும். வயிற்றுப்புண், இழுப்பு (ஆஸ்துமா), சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

துணி பாவிப்பவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம் போடுங்கள். சுடுதண்ணீர் கறையை இறுக்கிவிடும். மழைக் காலத்தில், அதுவும் நுவரெலியாப் பக்கத்துப் பனியில், கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் துணி காயவே காயாது, அந்த ஈரம்தான் அரிப்புக்குக் காரணம். மேலே ஒரு மெல்லிய சட்டையைப் போட்டு மூடியாவது வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாவிட்டால் அயன் பண்ணுங்கள்.

மணித்தியாலத்துக்கு ஒரு பேட் என்று இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்தால், மயக்கம் வந்தால், கர்ப்பத்தில் இரத்தம் கண்டால் விடியும்வரை பார்க்க வேண்டாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி வராதென்றால் பெண்ணை நடக்க விடாமல் பெரிய ரோட்டுவரை தூக்கிப் போங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு கண்டாலும், கணவனோடு சேர்ந்த பின் இரத்தம் கண்டாலும், போக்கு குறைவு என்று விடக் கூடாது. அது கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ புற்றுநோயாக இருக்கலாம். 35 வயதானவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். போக்கு இருக்கும் நாளில் போக வேண்டாம், பரிசோதனைக்கு முந்திய 2 நாள் உறவும் வேண்டாம். கிளினிக் நாள் எது என்று மிட்வைபிடம் கேட்டு, அதே கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.