மீ.பொ.கா. காண ஒரு கழித்தல் போதும்

பெரிய எண்களுக்கு மீப்பெரு பொதுக் காரணி கேட்டால், உடனே பகாக் காரணிப்படுத்த உட்கார வேண்டாம். முதலில் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும்.

221, 247 என்று வைத்துக்கொள்வோம். 221 எதால் வகுபடும் என்று பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது. வித்தியாசம் 26, அதன் காரணிகள் 1, 2, 13, 26 மட்டுமே. 221 ஒற்றைப்படை, அதனால் 2, 26 இரண்டும் அவுட். 13 × 17 = 221, 13 × 19 = 247. சரி, விடை 13.

ஒரு எண் மற்றதைவிடப் பல மடங்கு பெரிதென்றால் கழித்துக்கொண்டே இருப்பது வீண்வேலை. வகுத்து மீதியை எடுங்கள், அப்புறம் சிறிய எண்ணை அந்த மீதியால் வகுங்கள், மீதி 0 வரும்வரை இப்படியே தொடருங்கள். யூக்ளிட் முறை என்பது இதுதான். மீதி 0 வரும்போது எதால் வகுத்தீர்களோ, அதுவே மீ.பொ.கா.