எல்லையோரப் போட்டோகிராஃபர்கள் ரேட் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு ஒரே வாரத்தில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம், குருவாயூரில் ஒரு தாலிகட்டு, கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒரு நிச்சயதார்த்தம், வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னை நார்க் கம்பெனியின் கேட்லாக் என்று நான்கு வேலை வரலாம். நான்கு பேரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கறீங்க?" கேள்வி ஒன்றாக இருப்பதால் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து, நால்வருக்கும் ஒரே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த எல்லைப் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். மற்ற பல தவறுகள் இதிலிருந்து கிளைத்தவை.

நாள் கணக்கு ஏமாற்றும்

கொங்கு வீட்டுக் கல்யாணம் முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். பெண் அழைப்பு, இணைச்சீர், வரவேற்பு, மேடையில் வரிசையாக நிற்கும் சொந்தபந்தம் எல்லாம் முடிந்து கேமராவைக் கீழே வைக்க நடுராத்திரி ஆகும். விடிகாலை முகூர்த்தம் என்றால் மூன்றரை மணிக்கு மறுபடி கையில் எடுக்க வேண்டும். மண்டபக்காரர் கணக்கில் இது ஒரு முகூர்த்தம். எடுப்பவருக்கு இரண்டு நாள்.

பாலக்காட்டு மலையாளி இந்துக் கல்யாணம் வேறு மாதிரி. சடங்கு சுருக்கம், சத்யா பந்தி முடிந்து மதியத்துக்குள் மண்டபம் காலியாகிவிடும். "அரை நாள் வேலைதானே" என்று அரை ரேட் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். முன்னாலேயே ஒரு சேவ் த டேட் (கல்யாணத் தேதியை அறிவிக்க எடுக்கும் படம்) இருக்கும், முந்தின நாள் ராத்திரி ஹல்தி இருக்கும், கல்யாணம் முடிந்த பிறகு மலம்புழை காவாவிலோ கொல்லங்கோட்டு வயல் வரப்பிலோ அவுட்டோர் இருக்கும். அவுட்டோருக்கு வெயில் சாயும் நேரம்தான் வேண்டும் என்பதால் அந்த நாளும் முழுதாகப் போய்விடும். கல்பாத்திக் கல்யாணம் இரண்டிலும் சேராது. காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், நலங்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரே கேமராவை வைத்துக்கொண்டு சமாளிப்பது சிரமம்.

குருவாயூர்தான் நாள் கணக்கை முழுசாகப் பொய்யாக்கும் இடம். 2024 செப்டம்பர் 8 அன்று அங்கே ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. மண்டபத்தில் ஒரு ஜோடிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்காகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சுமார் 100 கி.மீ. நடுராத்திரியில் கிளம்ப வேண்டும், கூட்டத்தில் இடம் பிடிக்க வேண்டும், ரீடேக் கிடையாது. மணிக்கணக்கில் விலை போட்டால் இந்த வேலைக்குச் சில நூறு ரூபாய்தான் வரும். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத நிமிடங்களை நம்பி ஒப்படைக்கிறார்கள், அந்தப் பொறுப்புக்குத்தான் இங்கே விலை. ஆகவே குருவாயூர் வேலைக்கு மணி பார்க்காமல் முழு நாள் ரேட்டும் பயணமும் கேட்பதில் தப்பே இல்லை. இரண்டாவது கேமராமேன் இல்லாமல் ஒத்துக்கொள்வதுதான் தப்பு.

தொகையைச் சொல்லும் முன் கேட்க வேண்டியது தேதியை மட்டுமல்ல. முதல் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, கடைசி நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, எத்தனை இடம், இரண்டு வீட்டுக்கும் ஒரே டீமா, வீடியோ உண்டா, ஆல்பம் எத்தனை ஷீட். இதைக் கேட்காமல் போனில் சொல்லும் தொகை வெறும் ஊகம். ஆனால் எதிரில் இருப்பவர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்.

பக்கத்து ஸ்டுடியோ ரேட்

"கோயம்புத்தூர்ல இவ்வளவு வாங்கறாங்க, பாலக்காட்டுச் சித்தூர்ல அதுல பாதிதான்" என்கிற பேச்சிலிருந்துதான் பலரும் தங்கள் ரேட்டை அமைக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு வாடகை உண்டா, சொந்தக் கட்டடமா, ஆல்பம் டிசைன் வீட்டு ஆளே செய்கிறாரா, கேமரா கடன் முடிந்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. சந்தை நிலவரம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் எந்தத் தொகைக்குக் கீழே நீங்கள் இறங்கக் கூடாது என்பதைச் சொல்வது உங்கள் செலவு மட்டும்தான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். கடை வாடகை மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000. கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா 42,000. கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், கம்ப்யூட்டர் சேர்ந்து 6 லட்சம், நான்கு வருடத்தில் மாற்ற வேண்டும் என்றால் வருடத்துக்கு 1,50,000. ரிப்பேர், இன்ஷூரன்ஸ் 40,000. உள்ளூர் அலைச்சலும் போனும் 48,000. வீட்டுக்கு மாதம் 35,000 வேண்டும் என்றால் 4,20,000. மொத்தம் 7,96,000. வருடத்தில் 45 நிகழ்ச்சி நாள் கிடைத்தால் ஒரு நாளுக்கு சுமார் 17,700 வருகிறது. இதில் உதவியாளர் சம்பளம் இல்லை, ஆல்பம் பிரிண்ட் இல்லை, நிகழ்ச்சிக்குப் போய்வரும் பெட்ரோல் இல்லை, லாபம் என்று ஒரு ரூபாய்கூட இல்லை. இந்த நிலையில் "20,000-க்கு எல்லாம் சேர்த்து முடிச்சுடலாம்" என்று சொல்பவர் கைக்காசு போட்டு ஊருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்.

வருடத்தில் 45 நாள்தானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடியும் மலையாளக் கர்க்கடகமும் ஏறத்தாழ ஒரே முப்பது நாள். அப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. மார்கழியில் தமிழ் வீடுகள் அசையாது. மிச்ச மாதங்களில் நல்ல முகூர்த்தம் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து குவியும், உங்களால் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஒரு நாள் எடுத்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கலர் சரிசெய்து, ஆல்பம் அடுக்க நாலைந்து நாள் பிடிக்கும். வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அந்த நாட்களைப் பலரும் வேலையாகவே எண்ணுவதில்லை. வாடிக்கையாளர் எண்ணாதது புரிகிறது, எடுப்பவரே எண்ணாமல் விடுவதுதான் எனக்குப் புரியாதது.

கேமரா தேய்மானத்தையும் கண்ணால் பார்க்கலாம். கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 1,50,000 கிளிக். ஒரு கல்யாணத்தில் 4,000 கிளிக் போனால் 37 கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேலும் ஓடலாம், ஆனால் எந்த முகூர்த்தத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. படத்துக்கு 30 எம்.பி. என்றால் 4,000 ரா ஃபைல் (கேமரா பதியும் திருத்தாத மூலப் படம்) 120 ஜி.பி.; இரண்டு பிரதி வைத்தால் 240. ஹார்ட் டிஸ்க்கை யாரும் இலவசமாகத் தருவதில்லை.

வாளையாறு தாண்டினால்

எல்லை தாண்டும் வேலையில் பெட்ரோலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். டோல், தங்குமிடம், பையன்களுக்குப் பேட்டா இவையெல்லாம் தனி வரியாக எழுதப்பட வேண்டும். வாடகை வண்டி எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டிக்கு அடுத்த மாநிலத்துக்கான பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு எல்லையில் உங்கள் தலையில் விழும்.

வரி விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. "வேறு ஸ்டேட்டில் வேலை செய்தால் ஜி.எஸ்.டி. கட்டாயம்" என்று பயந்து கேரள வேலையையே விடுகிறவர்கள் ஒரு பக்கம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் மாநிலம் தாண்டிச் செய்தாலும் பதிவு தேவையில்லை என்பது 2017 அக்டோபரிலிருந்து இருக்கும் விலக்கு. இன்னொரு பக்கம், பதிவே இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை சேர்த்து வாங்குகிறவர்கள். அது சட்டப்படி தவறு. பதிவு உள்ளவர்கள் "ஒரு லட்சம்" என்று வாயால் சொல்லிவிட்டு வரியைப் பற்றிப் பேசாமல் விடுவதும் ஆபத்து. வரி உள்பட என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டால், 18 சதவீதம் போக உங்கள் கைக்கு 84,746 ரூபாய்தான் வரும்.

பாக்கியை ரொக்கமாக மண்டபத்திலேயே வாங்குவது இங்கே வழக்கம். ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தேர்தல் காலத்தில் இன்னும் சிக்கல்: 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்குக் காகிதம் காட்ட முடியாவிட்டால் பறக்கும் படை எடுத்துவைத்துவிடும். 2021-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் ஓட்டு, எல்லையின் இரண்டு பக்கமும் சோதனை. யு.பி.ஐ. வந்த பிறகு இந்தத் தலைவலி தேவையா?

கம்பெனி வேலைக்குக் கல்யாண ரேட்

நெல்லியாம்பதியில் ஒரு ரிசார்ட் கூப்பிடுகிறது என்று வையுங்கள். ஒரு நாள் போய் அறைகளை எடுக்கிறீர்கள், கல்யாண நாள் ரேட் வாங்குகிறீர்கள். பிறகு அந்தப் படம் வெப்சைட்டில் வரும், ஓட்டல் புக்கிங் தளங்களில் வரும், தேசிய நெடுஞ்சாலை ஓரம் பெரிய பேனராகவும் நிற்கும். அப்போது "என் படத்துக்குத் தனியா காசு வரணும்" என்று போட்டோகிராஃபர்கள் பலர் கிளம்புவார்கள். வெளிநாட்டு யூடியூப் சேனல்களைப் பார்த்துப் படம் எடுப்பவருக்கே உரிமை என்று நம்பியிருப்பார்கள்.

இந்தியச் சட்டம் அப்படி இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் இது மாறும். ஆகவே கம்பெனி வேலையில் விலையைவிட முக்கியமான விஷயம் வேலைக்கு முன் கையெழுத்தாகும் ஒரு பக்கக் காகிதம். உரிமை யாரிடம், எந்தெந்த இடத்தில் பயன்படுத்தலாம், எத்தனை வருடம் என்று அதில் இருக்க வேண்டும். உரிமையை எழுதி மாற்றிக்கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெப்சைட்டுக்கு ஒரு விலை, ஹோர்டிங்குக்கு ஒரு விலை, எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை என்று மூன்று வரி போட்டுக் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. அவர்கள் எதையும் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

இதே 17-ஆம் பிரிவு கல்யாணப் படத்துக்கும் பொருந்தும். மணமக்கள் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே சம்மதம் எழுதி வாங்குங்கள். ரா ஃபைல் தருவீர்களா, தந்தால் என்ன விலை என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

பொருட்களைப் படமெடுக்கும் வேலையில் "பீஸுக்கு இவ்வளவு" என்று ஒரே விலை போடுவதும் சரிவராது. தென்னை நார்த் தொட்டியைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். வெண்கல உருளியில் விளக்கும் கூரையும் உங்கள் சட்டையும் தெரியும். ஒவ்வொரு உருளிக்கும் வெளிச்சத்தை மறைத்து மறைத்து அமைக்க வேண்டும். கசவுச் சேலை இன்னும் மோசம். அமேசான் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கும், சேலையும் வெள்ளை, சரிகை மட்டும் மின்னும். பின்னணியில் துணி கரையாமல் எடுப்பது கைவேலை. பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பீஸ் ரேட் சொல்லாதீர்கள்.

பேரம், அட்வான்ஸ், இதர வம்புகள்

"ஏட்டா, கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க" என்பது இரண்டு மொழியிலும் கேட்கும் வசனம். அப்படியே தொகையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை உயர்த்திச் சொன்னது என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். குறைப்பதானால் வேலையிலும் ஒன்றைக் குறையுங்கள்: டீசர் வேண்டாம், ஆல்பம் 40 ஷீட்டுக்குப் பதில் 30, டிரோன் வேண்டாம். ஆல்பம் ஷீட்டுக்கு மேலதிக விலையை முதல் நாளே எழுதிவிட வேண்டும். படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது அத்தை வீட்டுப் படமும் மாமா வீட்டுப் படமும் ஒன்றையும் விட மாட்டார்கள்.

டிரோனை "ஃப்ரீ" என்று சேர்த்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பரம்பிக்குளம், டாப்ஸ்லிப் போன்ற காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். சான்றிதழ் உள்ளவரை வரவழைக்கும் காசு யாருக்கும் ஃப்ரீ இல்லை.

அட்வான்ஸ் என்பது தேதியைப் பூட்டி வைப்பதற்கு. கல்யாணம் தள்ளிப்போனால் என்ன, நின்றுபோனால் என்ன, எவ்வளவு திரும்பும் என்று எழுதாமல் வாங்கினால் பின்னால் சண்டைதான். ஹர்த்தாலுக்கு (கடையடைப்புப் போராட்டத்துக்கு) 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ஏழு நாள் முன்னால் தெரிந்தாலும் அந்தத் தேதியை வேறு யாருக்கும் விற்க முடியாது. தேதி மாற்றத்துக்கு ஒரு கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு மிச்சம்.

பள்ளிக்கூட குரூப் போட்டோவில் குழந்தைக்கு ஒரு பிரிண்ட் என்று மொத்த எண்ணிக்கையைப் பெருக்கி ரேட் சொல்லாதீர்கள். எல்லா வீட்டிலும் வாங்க மாட்டார்கள். போய்வரும் செலவுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை நிர்வாகத்திடம் பேசிக்கொண்டு, அதற்கு மேல் பிரிண்டுக்கு விலை வையுங்கள்.

ரேட்டை ஏற்ற வேண்டுமானால் ஆடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆவணி ஒன்றிலிருந்து வரும் புது புக்கிங்குக்கு ஏற்றுங்கள். பழைய ரேட்டில் அட்வான்ஸ் வாங்கியவர்களிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்காதீர்கள், தை மாதக் கல்யாணமாக இருந்தாலும் சரி.